எல்லோரையும் அனுப்பி வைத்தவளுக்கு

இன்று காலை விடுதி விறாந்தையில் வெள்ளைப் பெயின்ட் மணந்தது. நாளை மறுநாள் தவணை முடிந்து விடுமுறை தொடங்குகிறது. பிள்ளைகள் தங்கள் டிரங்குப் பெட்டிகளை இழுத்துப் போட்டு, மூடிகளில் பெயரும் ஊரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி 'புசல்லாவை' என்று எழுத இடம் போதாமல் கடைசி எழுத்தைப் பெட்டியின் பக்கவாட்டில் இறக்கிவிட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். வகுப்பெடுக்கப் போக வந்த நான் அந்த மணத்தைத் தாண்டிப் போக முடியாமல் நின்றேன். அதனால்தான் உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

நாம் இதே ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் அந்தத் தூரிகை உன் கையில் இருக்கும். வேறு யாரையும் தொட விடமாட்டாய். "உங்கட எழுத்தில போட்டால் கொழும்புக்குப் போற பெட்டி பதுளைக்குப் போயிடும்" என்று எல்லோரையும் விரட்டிவிட்டு, முழங்காலில் நகர்ந்து நகர்ந்து ஒவ்வொரு பெட்டியாக எழுதுவாய். முடிக்கும்போது கன்னத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். கலாசாலை மாணவியர் சங்கத்துக்கு நீ காரியதரிசி. உனக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர்கள் கூட்டம் கூட்டிப் பேசியதோடு சரி. நீ தவணை முடிவைக் கலியாண வீடு மாதிரி நடத்தினாய். யாருக்கு எந்த ரயில், யாருக்கு எந்த பஸ், தனியாகப் போகப் பயப்படுகிறவளுக்கு யார் துணை, வழிக்குச் சோற்றுப் பொதி கட்டியாயிற்றா என்று எல்லாம் உன் தலையில். உன் கடுகண்ணாவை கூப்பிடு தூரம். நினைத்தால் முதல் ரயிலிலேயே நீ வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் கடைசிப் பிள்ளை போகும்வரை கண்டி ஸ்டேஷனை விட்டு நகரமாட்டாய்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரின் மகள். உன் அப்பா யாழ்ப்பாணத்தவர். கடுகண்ணாவை ஸ்டேஷனில் கிளாக்கர். விடுதியில் நமக்குப் பக்கத்துப் பக்கத்துக் கட்டில் கிடைத்தது. முதல் நாளே நீ, "உம்மட அலுமாரியில கொஞ்சம் இடம் தருவீரோ?" என்று கேட்டாய். நான் மிரண்டுபோனேன். என்னை யாரும் அதுவரை நீர், உம் என்று சொன்னதில்லை.

"என்னை ஏன் இவ்வளவு மரியாதையா கூப்புடுற?" என்றேன்.

"மரியாதையோ? அது எங்கட வீட்டுப் பழக்கம். கோவம் வந்தாலும் நீர்தான்" என்று சொல்லிச் சிரித்தாய். உன் சிரிப்புக்கு விடுதி சிஸ்டர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அந்த வருஷத்துத் தவணை முடிவில் வழக்கத்தைவிட நிறையக் காரியங்கள் வைத்திருந்தாய். விளையாட்டுப் போட்டி, தையல் கண்காட்சி, கடைசி நாளில் பெற்றோருக்காக ஒரு நாடகம். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் என்பதால் ஆட்டபாட்டமான நாடகம் கூடாது என்று கலாசாலை அதிபரான மதர் சொல்லிவிட்டார். நம் தமிழ் ஆசிரியை ஒரு கதையைக் கட்டித் தந்தார். போரில் தோற்று நாடு இழந்த அரசன் ஒருவன் பிச்சைக்காரனாய் அலைந்து, கடைசியில் தன் அரண்மனை வாசலிலேயே அடையாளம் தெரியாமல் விழுந்து இறந்துபோகிறான். நீ அரசன். நான் வாயிற்காவலன். தேங்காய்த் தும்பில் உனக்கு மீசை செய்தோம். ஒத்திகையில் நீ செத்து விழும்போதெல்லாம் மீசை கழன்று விழும். ஆசிரியைக்குக் கோபம் வரும். நமக்கு அடக்க முடியாத சிரிப்பு வரும்.

அந்தச் சிரிப்பின் நடுவே காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் மலேரியா பரவிக்கொண்டிருந்த வருஷம் அது. கீழ்நாட்டுப் பக்கமிருந்து வந்த செய்திகளைப் பிரார்த்தனையில் வாசிப்பார்கள், நாமும் முழந்தாளிட்டுச் செபிப்போம், பிறகு மறந்துவிடுவோம். முதலில் விழுந்தவள் முதலாம் வருஷத்துச் செசிலி. மாத்தளைப் பக்கத்து றப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் குடும்பத்துப் பிள்ளை. அந்தத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து இவ்வளவு தூரம் படித்து வந்தவள் அவள் ஒருத்திதான். தையல் வகுப்பில் ஊசியைப் பிடித்தபடியே நடுங்கத் தொடங்கினாள். அடுத்தடுத்து இன்னும் சிலர் விழுந்தார்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு மதருடன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அன்று மாலையே மதர் எல்லோரையும் கூப்பிட்டு, கலாசாலையை முன்கூட்டியே மூடுவதாகவும் விளையாட்டு, கண்காட்சி, நாடகம் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார்.

பலர் அழுதார்கள். நீ அழவில்லை. பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனாய்.

ஒரே நாளில் அத்தனை பேரையும் அனுப்பி வைத்தாய். காய்ச்சல்காரர்களிலும் பெரும்பாலோரை வீட்டார் கார் பிடித்து வந்து கூட்டிப்போனார்கள். செசிலியையும் இன்னும் இருவரையும் அசைக்கவே கூடாது என்றார் டாக்டர். மற்ற இருவரின் தாய்மார் வந்து கூடவே இருந்தார்கள். செசிலிக்கு யாரும் வரவில்லை. அவள் வீட்டிலும் காய்ச்சல் என்று தோட்டத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

நீ மதர் முன்னால் போய் நின்றாய். உனக்குப் பின்னால் நானும் நின்றேன்.

"மதர், நான் செசிலியோட நிக்கிறன்."

"உன் அப்பா என்னைக் கேட்பாரே, பிள்ளை."

"அப்பாவுக்கு நான் சொல்லுறன். சிஸ்டர் ஒராள் எத்தினை பேரைப் பார்க்கிறது?"

மதர் என்னைப் பார்த்தார். "நானும் இருக்கேன் மதர்" என்றேன். நீ திரும்பி என்னை முறைத்தாய். வெளியே வந்ததும், "உம்மை ஆர் கேட்டது? நீர் வீட்டை போம்" என்றாய். கோபம் வந்தாலும் நீர்தான் என்று நீ சொன்னது சரிதான். நான் போகவில்லை.

நோயாளர் அறையில் நீ வேலை செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்பு. கொயினா மருந்தின் கசப்பில் செசிலி வாயை இறுக மூடிக்கொள்வாள். நீ முதலில் ஒரு சொட்டை உன் நாக்கில் வைத்து, முகத்தை நாலு கோணலாக்கி, "சீ, இதைப்போய் மனிசர் குடிப்பினமோ? நீர் குடியாதையும் செசிலி, நான் சிஸ்டருக்குக் குடுக்கிறன்" என்பாய். அவள் சிரிக்க வாய் திறக்கும்போது கரண்டி உள்ளே போய்விடும். குளிர் நடுக்கம் வரும்போது நம்முடைய போர்வைகளையெல்லாம் அவள்மேல் போட்டு, அதற்கும் மேலே நீ சாய்ந்து அழுத்திப் பிடித்துக்கொள்வாய். அவள் பிதற்றுவாள். தங்கச்சிக்குக் கஞ்சி ஊற்றச் சொல்லி அம்மாவைக் கூப்பிடுவாள். "ஊத்தியாச்சு, ஊத்தியாச்சு" என்று நீ பதில் சொல்வாய்.

நாடகம் நடந்திருக்க வேண்டிய நாள் வந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நீ காணாமல் போனாய். திரும்பி வந்தபோது சரிகைச் சட்டையும் காகித முடியும் தும்பு மீசையுமாக நோயாளர் அறை வாசலில் நின்றாய். சிஸ்டர் ஒரு கதிரையை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அரசன், மந்திரி, எதிரி, பிச்சைக்காரன் எல்லாம் நீயே. வாயிற்காவலன் மட்டும் நான். விளக்குமாறுதான் என் வேல். செசிலி தலையணையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மீசை விழுந்தபோது சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்ததை அன்றுதான் கேட்டோம். கதை முடியுமுன் தூங்கிப்போனாள். நீ நிறுத்தவில்லை. மற்ற இரு பிள்ளைகளுக்காகவும் அவர்களின் தாய்மாருக்காகவும் கடைசிவரை நடித்தாய்.

சில நாட்களில் செசிலியின் தகப்பன் வந்தார். காய்ச்சலிலிருந்து எழுந்து பாதி வழியை நடந்தே வந்திருந்தார். வாசலில் என்னைக் கண்டு உள்ளே வரத் தயங்கி நின்றார்.

"செசிலி அப்பாங்க நான். எம்புள்ள... இருக்குதுங்களா?"

"இருக்கா. நல்லா இருக்கா. உள்ள வாங்க" என்றேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்து துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நீ உள்ளேயிருந்து ஓடிவந்து தேத்தண்ணி கொடுத்தாய். அன்று செசிலிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது.

தபசின் கடைசி வாரமான பெரிய கிழமைக்கு முன் உன் அப்பா உன்னைக் கூட்டிப்போக வந்தார். என்னை அழைத்துப்போக என் அப்பாவும் அதே நாளில் வந்திருந்தார். என் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் உன்னை ஸ்டேஷனில் ஏற்றிவிட வந்தேன். அரசன் உடுப்பைத் தைத்துத் துவைத்துத் தருவதாகச் சொல்லி எடுத்துப் போனாய். ரயில் ஜன்னலில் கன்னத்தை வைத்தபடி பேசாமல் இருந்தாய். பேசாமல் உன்னை நான் கண்டதில்லை.

"என்ன, ஒரு மாதிரி இருக்கே?"

"தலையிடி. வேறொண்டுமில்லை. நித்திரை இல்லாததுதான். நீர் கெதியாப் போம், உம்மட அப்பா பார்த்துக்கொண்டு நிப்பார்."

ரயில் புறப்பட்டது. நீ கை காட்டினாய்.

விடுமுறை முடிந்து நான் கலாசாலைக்கு வந்த அன்று, பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். செசிலியும் தேறி வந்திருந்தாள். அவளும் கூட வந்தாள். கடுகண்ணாவைப் பக்கமிருந்து ரயில் வந்தது. உன் அப்பா இறங்கினார். அவருக்குப் பின்னால் நீ இறங்குவாய் என்று கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் இறங்கவில்லை. அவர் என்னிடம் நடந்து வந்து ஒரு துணிப் பொதியை நீட்டினார்.

"பிள்ளை, இது பள்ளிக்கூடச் சாமான். திருப்பிக் குடுக்கச் சொன்னவள்."

சரிகைச் சட்டை. கிழிந்த தோள்பட்டையைப் பொடித் தையலில் தைத்திருந்தாய். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும், "அவ எங்கங்க?" என்று கேட்டேன். வாய் தானாகக் கேட்டது.

"பெரிய சனிக்கிழமை காலமை போயிட்டாள், பிள்ளை."

அவர் கலாசாலைக்கு வந்து உன் கட்டில் எது என்று கேட்டார். காட்டினேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மெத்தையைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பிள்ளை ஆர்? காய்ச்சல்காரப் பிள்ளை?" என்றார். செசிலி கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றிருந்தாள். நான் கூட்டி வந்தேன். தன்னை என்ன சொல்லுவாரோ என்று அவள் தலையைக் குனிந்து நின்றாள். அவர் எழுந்து அவள் தலையில் கை வைத்தார்.

"இப்ப சுகமோ, பிள்ளை?"

அவள் குனிந்தபடியே தலையாட்டினாள்.

"வடிவாப் படியும்" என்றார். அவ்வளவுதான்.

படியிறங்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார். "அவள் இங்கயிருந்தே காய்ச்சலோடதான் வந்தவள். ரயிலுக்குள்ள நடுங்கத் தொடங்கிட்டாள். ஏன் உமக்குச் சொல்லேல்லை எண்டு கேட்டன். சொன்னால் அவள் வீட்டை போகமாட்டாள், என்னோட வந்திடுவாள், அவளுக்கும் பிடிச்சிடும் எண்டாள்."

செசிலி சான்றிதழ் எடுத்து, இப்போது புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கற்பிக்கிறாள். விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வருவாள். உன்னைப் பற்றி நாங்கள் பேசுவதே இல்லை. இருவருக்கும் தைரியம் வந்ததில்லை. போன மார்கழி நத்தார்ப் பண்டிகைக்கு வந்தபோது, அரிசி புடைத்துக்கொண்டே திடீரென்று கேட்டாள்: "அக்கா, அந்த நாடகத்துல ராஜா கடைசியில என்ன ஆனாரு? நான் தூங்கிட்டேன். இவ்வளவு நாளா கேக்கணும்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன்."

ஒத்திகையில் அவன் இறந்துபோவான் என்று அவளுக்குத் தெரியாது. அன்று நோயாளர் அறையில் நீ சாகவில்லை. வாசலில் விழப்போனவள், அந்தப் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாய். "காவலனே, என்னைத் தெரியேல்லையோ? கதவைத் திற" என்றாய். எழுதாத வசனம். நான் திகைத்து, விளக்குமாற்றை ஒருபுறம் சாய்த்து வழிவிட்டேன்.

"உள்ள போயிட்டாரு, செசிலி. கதவைத் தெறந்துட்டாங்க" என்றேன். அவள் சுளகைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அழுதாள்.

நான் அழவில்லை. எனக்கு உன்மேல் கோபம். அன்று ஸ்டேஷனில் நீ என்னிடம் கேட்டிருக்க வேண்டும். வருவதா, வீட்டுக்குப் போவதா என்று நான் அல்லவா முடிவு செய்திருக்க வேண்டும்? பெரிய கிழமையில் உன் நெற்றிக்கு ஈரத்துணி போட எனக்கும் உரிமை இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இந்தக் கோபத்தைச் சொல்லியிருக்கிறேன். மன்னித்துவிடு மகளே என்றார். பல முறை முயன்றேன். மனது ஒப்பவில்லை. மன்னித்துவிட்டால், உன்னோடு சண்டை பிடிக்க எனக்கு வேறு எதுவும் மிஞ்சாது.