ஏழாம் கூண்டின் அட்டையை மாற்றியது நான்தான்

அனுப்புநர்:
எலிக்கூடப் பராமரிப்பாளரின் மகன்,
பதினொன்றாம் வகுப்பு,
ஊழியர் குடியிருப்பு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
நரம்பியல் ஆய்வு நிலையம்.

பொருள்: கூண்டு அட்டைகளை மாற்றியவன் (நான்) மீது புகார்; என் தாயாரின் தற்காலிகப் பணிநீக்கத்தை ரத்து செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தாயார் தங்கள் நிலையத்தில் ஆறு ஆண்டுகளாக எலிகளைப் பராமரிக்கிறார். தண்டுவடத்தில் காயம்பட்ட எலிக்குத் தானாகச் சிறுநீர் பிரியாது என்பதால், காலையும் மாலையும் அடிவயிற்றைக் கட்டைவிரலால் இதமாக அழுத்திவிடுவார். அப்போது ஏழாம் எண் எலியை, "என் ராசா, இன்னும் கொஞ்சம்டா தங்கம்" என்று கொஞ்சுவதை இரு காதாலும் கேட்டிருக்கிறேன். பெற்ற பிள்ளைக்கு வீட்டில் கிடைப்பது, "எருமை, எந்திரிடா!" உருவத்தில் எருமை பெரிதுதான், மரியாதையில் எலி எங்கேயோ போய்விட்டது.

2. சாப்பிடும்போதும் அதே புராணம். தண்டுவடத்தில் அடிபட்டால் அங்கே ரத்த ஓட்டம் குறைந்து, நரம்புச் செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா முடங்கிவிடுமாம். அடிக்குத் தப்பிய பக்கத்துச் செல்களும் சக்தியில்லாமல் சாகுமாம். "அடி ஒரு நொடிதான்டா, பட்டினி நாள் கணக்குல" என்பார். அந்தப் பட்டினி தீருமா என்று பார்க்க ஏழுக்குத் தீவனத்தில் மருந்து; ஒப்பிட, எட்டுக்கு வெறும் தீவனம். இதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டிருந்தபோது என் தட்டில் இருந்தது நேற்றைய மிச்சம்.

3. சென்ற வாரம் செவ்வாய் மாலை வீட்டுச் சாவி வாங்க எலிக்கூடத்துக்கு வந்தேன். தாயார் கை கழுவப் போன நேரத்தில் ஏழு, எட்டுக் கூண்டுகளின் எண் அட்டைகளை இடம் மாற்றினேன். இரண்டும் வெள்ளை, இரண்டும் பின்கால்களை இழுத்து நடப்பவை. எட்டைக் கொஞ்சி ஏமாறட்டும், சொல்லிச் சிரிக்கலாம் என்பதே திட்டம். தீவனம் போடும் ஊழியர் அட்டையைத்தான் பார்ப்பார் என்பது என் மண்டையில் ஏறவில்லை. அன்றிரவு மருந்து எட்டுக்குப் போயிற்று. அந்த ஒரு வேளையை ஆய்வுக் குறிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

4. மறுநாள் காலை கட்டைவிரல் பட்டதுமே ஆள் மாறியது தாயாருக்குத் தெரிந்துவிட்டது. அட்டைகளைத் திருப்பி மாட்டினார், பதிவேட்டில் எழுதவில்லை. எழுதினால் யார் செய்தது என்று கேட்பீர்கள், அவருக்கு விடை தெரியும். நான் கூடத்துக் காமிராவுக்கு முதுகைக் காட்டியே வேலை பார்த்தவன். அதனால் அட்டையை மாற்றுவதாக அதில் விழுந்தது அவர் கை மட்டுமே. ஆய்வு முடிவைத் திருத்தப் பார்த்ததாக விசாரணையில் அவர்மேல் பழி சொன்னபோதும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

5. இப்போது நான் ஆசைப்பட்டபடி முழுநாளும் அம்மா எனக்கே. ஆனால் காலை ஆறு மணிக்கு மேசை விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே, "ஏழுக்கு எடப்பக்கம் லேசா அழுத்தணும், அது இப்போ பாத்துக்கிறவங்களுக்குத் தெரியுமோ என்னவோ" என்கிறார். என்னைத் திட்டவில்லை. ஒன்பது நாளாக எருமை என்றுகூடக் கூப்பிடவில்லை.

ஆகவே, தண்டனையை எனக்குத் தந்து, என் தாயாரை மீண்டும் பணியில் சேர்க்குமாறும், அவர் வரும்வரை ஏழாம் எண்ணுக்கு இடப்பக்கம் லேசாக அழுத்த உத்தரவிடுமாறும் பணிந்து வேண்டுகிறேன். அதன்மேல் எனக்குப் பொறாமை இன்னும் தீரவில்லை என்பதையும் உண்மை கருதித் தெரிவித்துக்கொள்கிறேன்.

நாள்: தாயார் வீட்டிலிருக்கும் ஒன்பதாம் நாள்
இடம்: அதே மேசை

இப்படிக்கு,
எருமை
(விடுப்புக் கடிதங்களில் போட்டது தாயாரின் கையொப்பம், இது என்னுடையது.)