மூன்று முறை அமுக்கிய பட்டன்

ஜூன் 3, செவ்வாய்

இருபத்திரண்டு வருஷமாக மாட்டிவரும் சிவப்பு அட்டையை இன்று தலைகீழாக மாட்டியிருந்தேன். புது இன்ஜினியர் மேடம் கண்டுபிடித்தார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பதினொரு பேருக்கு முன்னால் சொன்னார்.

பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் எலக்ட்ரீஷியன் நான். கரண்டை நிறுத்திவிட்டு வேலை பார்க்கும்போது, மெயின் சுவிட்சில் பூட்டைப் போட்டு அந்த அட்டையைத் தொங்கவிடுவோம். 'போடாதே, ஆள் வேலை செய்கிறார்' என்று இங்கிலீஷில் இருக்கும். மாட்டினவன்தான் எடுக்க வேண்டும். முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. அது எல்லாம் எனக்கு அத்துப்படி. அட்டையில் மேலேயும் கீழேயும் ஓட்டை இருக்கிறது, எதில் கயிறு கோர்த்தால் என்ன என்று இருந்துவிட்டேன்.

"சார், இதுல என்ன எழுதியிருக்கு, படிங்க" என்றார்.

"சிவப்பா இருக்கு மேடம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். வேறு என்ன செய்ய?

அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி எங்களுக்கு இங்கிலீஷில் பரீட்சையாம். வாய்மொழியாகக் கேட்பார்களாம். இனி பழுது ரெஜிஸ்டரும் இங்கிலீஷில்தான். தேறாதவர்களுக்குப் பேனல் அறை கிடையாது, கேட்டில் நின்று வண்டிகளுக்கு விசில் ஊதலாம். பத்தாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவனுக்கு இந்த வயதில் இது தேவையா?

வீட்டுக்கு வந்தால் மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் கிடந்தாள். "அப்பா, நான் இந்த வேலைய விட்டுடவா?" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "ஒரு மாசம் பல்லக் கடிச்சிட்டுப் பாரும்மா, பழகிடும்" என்றேன். சரி என்று எழுந்து முகம் கழுவப் போனாள்.

ஜூன் 5, வியாழன்

மகளிடம் இங்கிலீஷ் பாடம் சொல்லித்தரக் கேட்டேன். "ஃபீஸ் என்ன தருவீங்க?" என்றாள். கால் அமுக்கிவிடுகிறேன் என்றேன். சிரித்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன்.

எங்கோ இருக்கிற ஒரு மின்சாரக் கம்பெனிக்கு இவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதில் சொல்கிறாள். அந்த ஊரில் கரண்ட் போனால் திட்டு இவளுக்கு. ஒரு நாளைக்கு நூற்றிப்பத்து போன். கம்பத்தில் ஏறுகிறவனையாவது கரண்ட் ஒரு தடவைதான் அடிக்கும்.

ஆனால் ஏசி அறை, சுழல் நாற்காலி, வாயைத் திறந்தால் இங்கிலீஷ். லிஃப்ட்காரரிடம், கேன்டீன்காரரிடம், பல் பிடுங்கப் போன டாக்டரிடம்கூட, "பொண்ணு இங்கிலீஷ்ல பேசுற வேலைல இருக்கா" என்று சொல்லியாகிவிட்டது. டாக்டரிடம் சொன்னபோது என் வாய் முழுக்கப் பஞ்சு.

ஜூன் 8, ஞாயிறு

நோட்டில் நடுவே கோடு போட்டுத் தந்திருக்கிறாள். இடது பக்கம் இயந்திரத்துக்கு, வலது பக்கம் மனிதர்களுக்கு. "வெள்ளைக்காரங்க கரண்ட் வார்த்தைய வெச்சுத்தான்ப்பா மனுஷனையும் பேசுவாங்க" என்றாள்.

லைவ்: கம்பியில் கரண்ட் ஓடுகிறது. லைவ் வயர் என்று ஆளைச் சொன்னால் துறுதுறுப்பானவர். அப்படிப்பட்ட கம்பியை நாங்கள் தொட மாட்டோம், இவர்கள் விருந்துக்குக் கூப்பிடுவார்களாம். ஸ்பார்க்: நமக்கு அது வந்தால் ஓட வேண்டும், அவர்களுக்கு அது வந்தால் கல்யாணம். பியூஸ் போவது: கோபம் தலைக்கேறுவது.

"நம்ம ஊர்ல பியூஸ் போச்சுன்னா ஆள் அடங்கிப் போறது. அங்க ஆடுறதா?" என்றேன். "உங்கம்மாவுக்கு ரெண்டுமே பொருந்தும்."

"யாருக்குப் பியூஸ் போச்சு?" என்று அடுப்படியிலிருந்து குரல். இரண்டு பேரும் நோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டோம்.

ஜூன் 14, சனி

லிஃப்ட் ரிப்பேர். பன்னிரண்டு மாடி, நான்கு தடவை. முழங்கால் தனியாகப் பேசுகிறது. அதுவும் இங்கிலீஷில் பேசினால் பரீட்சைக்கு உதவும்.

ஜூன் 19, வியாழன்

இன்று பாடம் நடக்கவில்லை. வந்ததும் பாத்ரூமுக்குள் போனவள் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் அழுகைச் சத்தம். யாரோ ஒருத்தன் நாற்பது நிமிஷம் கத்தினானாம். போனை வைக்கக் கூடாதாம், அதுதான் அங்கே விதியாம்.

"என்னால முடியலப்பா. விட்டுடறேன்."

"அவன் உன்னையா திட்றான்? கம்பெனியத் திட்றான். காதுல வாங்காத மாதிரி இருந்துக்கோ. கொஞ்சம் தோல் தடிக்கணும்மா."

சரி என்றாள். நல்ல யோசனை சொன்ன திருப்தியில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 25, புதன்

கீழ்த்தளத்துப் பம்ப் மோட்டார் இரண்டு நாளாக மக்கர். இழுவை அதிகமானால் தானாக நின்றுவிடும்படி, அதாவது ட்ரிப் ஆகும்படி, ஸ்டார்ட்டரில் ஒரு ரிலே இருக்கிறது. நேற்று நின்றது, ரீசெட் பட்டனை அமுக்கினேன், ஓடியது. இன்றும் நின்றது, அமுக்கினேன், ஓடியது. ஏன் நிற்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பார்க்கலாம், பரீட்சை முடியட்டும். மேல்மாடியில் தண்ணீர் வரவில்லை என்று போன் மேல் போன். முழங்கால் வேறு.

ஜூன் 27, வெள்ளி

காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. மனைவி என்னைப் பார்த்தாள். நான் மகளின் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டேன். "போய்ட்டு வாம்மா. எல்லாம் சரியாயிடும்."

போனாள். இந்தத் தடவை சரி என்றுகூடச் சொல்லவில்லை.

ஜூன் 30, திங்கள்

மோட்டார் போய்விட்டது.

காலையில் மறுபடி நின்றது. அமுக்கினேன். அமுக்கியது மட்டுமா? ஸ்குரூடிரைவரை எடுத்து ரிலேயின் அளவையும் கொஞ்சம் கூட்டிவைத்தேன். இனி சும்மா சும்மா நிற்காது பார் என்று பக்கத்தில் இருந்த பிட்டரிடம் பெருமை வேறு. அவன் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். "அண்ணே, எதுக்கு நிக்குதுன்னு பாத்துடலாமேண்ணே" என்றான். "உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா?" என்றேன்.

பதினொரு மணிக்கு வாடை வந்தது. வைண்டிங், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் செப்புக் கம்பி, எரிகிற வாடையை ஒரு தடவை மோந்தவன் மறக்க மாட்டான். கீழே ஓடினால் அறை முழுக்கப் புகை. பிரித்துப் பார்த்தோம். பேரிங் இறுகிப்போய்க் கிடந்தது. சுற்ற முடியாமல்தான் அது நின்றிருக்கிறது. நின்ற ஒவ்வொரு தடவையும் அது சொல்லியிருக்கிறது. நான் கேட்கவில்லை. அது சொல்ல முடியாதபடி வாயையும் அடைத்துவிட்டேன்.

நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூடச் சொல்லிக்கொடுப்போம்: காரணம் தெரியாமல் இரண்டாம் தடவை அமுக்காதே. நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ரெஜிஸ்டரில் என் முதல் இங்கிலீஷ் பதிவு இதுவாகத்தான் இருக்க வேண்டுமா! ட்ரிப்டு. ரீசெட். ட்ரிப்டு. ரீசெட். ட்ரிப்டு. ரீசெட். பர்ன்ட். மேடம் படித்துவிட்டு, "யார் ரீசெட் பண்ணினது சார்?" என்று கேட்டார். "மூணு தடவையும் நான்தான் மேடம்." அதற்கான கட்டத்தில் பெயரையும் எழுதச் சொன்னார். மூன்று வரியிலும் என் பெயரை எழுதினேன். எழுத்துப்பிழை இல்லை என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 2, புதன்

கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தும் வாடை போகவில்லை.

மகள் இன்னும் வரவில்லை. தனியாகவே நோட்டைப் புரட்டினேன். போன வாரம் அவள் எழுதிவைத்திருந்த பக்கம், நான் படிக்காதது. ஓவர்லோட். டிரெய்ன்டு, அதாவது வற்றிப்போவது. ட்ரிப். கடைசியில் பர்ன்ட் அவுட். இடது பக்கம், 'தாங்க முடியாத சுமையில் ஓடி எரிந்துபோவது' என்று எழுதியிருந்தாள். வலது பக்கம், மனிதர்களுக்கு உள்ள பக்கத்தில், சின்ன எழுத்தில்: 'நம் வீட்டு சோபாவில் பார்க்கவும்.'

என்னை மாதிரியே கிண்டல். முதலில் சிரித்துவிட்டேன்.

பிறகு இந்த டைரியைப் பின்னால் புரட்டினேன். ஜூன் மூன்று. பத்தொன்பது. இருபத்தேழு. என் கையெழுத்துத்தான். ஐயோ, இவ்வளவு கல் நெஞ்சுக்காரனா நான்? தோல் தடிக்கணும்னு சொன்னேனே... இருபத்திரண்டு வருஷம் என்னத்த வேலை பார்த்துக் கிழிச்சேன்?

ஜூலை 4, வெள்ளி

சொல்லிவிட்டேன். சாப்பாட்டுத் தட்டின் முன்னால், அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தபோது.

"வேலைய விட்டுடும்மா."

நிமிர்ந்து பார்த்தாள். "பரீட்சை பயத்துல உளர்றீங்களா?"

"இல்ல. விட்டுடு."

"நீங்கதானே போ போன்னீங்க!" என்றாள் மனைவி. "ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கீங்க. இப்ப கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"பல் டாக்டர்கிட்ட மட்டும் சொல்ல வேண்டாம். நான் அன்னிக்குச் சொன்னதே அவருக்குப் புரிஞ்சிருக்காது."

மகள் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கை முழுக்கச் சோறு எனக்கு. தலையைத் தடவ முடியவில்லை. இடது கையால் சமாளித்தேன்.

ஜூலை 7, திங்கள்

ராஜினாமாக் கடிதம் கொடுத்தாயிற்று. போனிலேயே அனுப்பிவிட்டாள். ஹெட்போனை மட்டும் திருப்பி அனுப்ப வேண்டுமாம்.

காலை ஏழு மணிக்கு வழக்கம்போல் மனைவி அவளை எழுப்பப் போனாள். அதற்குள் நான் முந்திக்கொண்டு அறைக் கதவின் கைப்பிடியில் என் சிவப்பு அட்டையை மாட்டிவிட்டேன்.

"இது என்னங்க கூத்து?"

"மாட்டினவன்தான் எடுக்கணும். நீ தொடாதே."

சாயங்காலம் நாலு மணி வரை தூங்கினாளாம்.

ஜூலை 11, வெள்ளி

பரீட்சை. எதிரே மூன்று பேர். முதல் இரண்டு கேள்விக்கு, யெஸ் சார், நோ மேடம், அவ்வளவுதான். மூன்றாவதை இன்ஜினியர் மேடம் கேட்டார். மோட்டார் திரும்பத் திரும்ப ட்ரிப் ஆனால் என்ன செய்வீர்கள்?

வேண்டுமென்றே கேட்டாரா? தெரியவில்லை. ஆனால் இதற்கு மட்டும் வார்த்தை தேட வேண்டியிருக்கவில்லை. ஐ வில் நாட் ரீசெட் என்றேன். ஃபர்ஸ்ட் ஐ வில் டேக் அவுட் தி லோட். தென் ஐ வில் ஆஸ்க் ஒய்.

"யாரைக் கேப்பீங்க?" என்று தமிழில் கேட்டார் ஓரத்தில் இருந்தவர்.

"மோட்டாரத்தான் சார்."

பேசியதில் பதினான்கு பிழையாம். ஆனாலும் தேறிவிட்டேன். விசில் வேறு யாருக்கோ.

ஜூலை 13, ஞாயிறு

மழை. தூக்கம். மகளும் தூக்கம். வீடே தூக்கம்.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் ஆறரைக்கெல்லாம் அவளே எழுந்து வந்து எனக்கு டீ போட்டாள். சர்க்கரையை மறந்துவிட்டாள், நான் சொல்லவில்லை. அடுத்த தெருவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆள் கேட்கிறார்களாம். போய்ப் பார்க்கலாமா என்று இருக்கிறாளாம். "உங்களுக்கே சொல்லித்தந்தாச்சு. இனி யாருக்கு வேணாலும் சொல்லித்தரலாம்" என்றாள்.

"பொறுமையாப் பாரு. அவசரமில்ல" என்றேன்.

"அப்பா, அந்த அட்டைய எடுங்க. பதினஞ்சு நாளாத் தொங்குது. வர்றவங்க எல்லாம் பாத்துட்டுச் சிரிக்கிறாங்க."

போய் எடுத்தேன். பின்னாலேயே வந்தவள், "இந்தத் தடவை நேராத்தான் மாட்டியிருந்தீங்க" என்றாள். கயிற்றைச் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

"ஏம்ப்பா, திடீர்னு எப்படி மனசு மாறுச்சு?"

"மூட்டு வலிம்மா. உன் பையத் தூக்கித் தூக்கி மாட்டிவிட முடியல."

சிரித்தாள். முழுச் சிரிப்பு. நானும் சிரித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பினேன்.

ரெஜிஸ்டரில் மூன்று வரியிலும் என் பெயரை அன்று தயங்காமல் எழுதினேன். இவள் கேட்டபோது மட்டும் வாய் வரைக்கும் வந்ததைச் சர்க்கரையில்லாத டீயோடு விழுங்கிவிட்டேன்: மூணு தடவையும் அமுக்கினது நான்தாம்மா.