முதல் பக்கம் யாருக்கு

மே 12, செவ்வாய்

மூட்டம். காற்றே இல்லை. புழுக்கம்.

நான் பிளக்கைப் பிடுங்கவில்லை. இதை முதலில் எழுதி வைக்கிறேன், ஊரில் வேறு மாதிரி பேச்சு ஓடுகிறது. நேற்று மாலை கரண்டு போனது. யு.பி.எஸ். தாங்கிய வரை தாங்கியது. பிறகு என் முன்னறைக் கம்ப்யூட்டர் அணைந்தது. கரண்டு வந்ததும் அதுவாகவே எழும்பிவிட்டது. ஊர் வலைப்பக்கங்களைத் திறந்து காட்டும் சர்வர் புரோகிராம் மட்டும் எழும்பவில்லை. டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளுக்கு எது பிளக், எது சுவிட்ச் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஜெயசீலி சாளை மீன் கூடையோடு வந்தாள். வாசலில் இறக்கும் முன்பே:

"எக்கா, ஒங்க பக்கம் தொறக்கல்ல. வயசாச்சு, வயரைப் பிடுங்கிப் போட்டாவன்னு சங்கத்தில சொல்லுதாவ."

"யார் சொன்னது?"

"நான் யாரையும் சொல்லேல. சாளை வேணுமா?"

வேண்டாம் என்றேன். நல்ல சாளை. பிறகு வருத்தம்.

அவளுக்குக் கவலை வேறு. அவள் மாப்பிள்ளை, புருஷன்தான், வள்ளத்தில் போகிறவன், சின்ன நாட்டுப்படகு. தினமும் காலையில் ஆங்கிலக் கடல்நிலை அறிக்கையை வாசித்துக் காற்று, அலை, போகலாமா வேண்டாமா என்று தமிழில் போடுகிறேன். துறைமுகச் சுவரில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். கட்டத்தை போனில் காட்டினால் அந்தக் கடல் பக்கம் திறக்கும். என் வீட்டுக்காரர் காலமான பிறகு ஒரு நாளும் விட்டதில்லை. வாட்ஸ்அப்பை நம்ப முடியாது. போன வருஷத்து எச்சரிக்கை இந்த வருஷமும் சுற்றுகிறது.

செய்தவை: மறுபடி தொடக்கினேன், தோல்வி. இன்னொரு முறை, தோல்வி. வேறு புரோகிராம் எதுவும் சர்வரின் போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறதா, இல்லை. டிஸ்க் நிறைந்துவிட்டதா, இல்லை. பிரஷர் மாத்திரை, மறந்தேன்.

உட்கார முடியவில்லை. எழுந்தாலும் போக இடமில்லை.

மே 13, புதன்

வெயில். மேற்கே லேசான காற்று.

நேற்றெல்லாம் முட்டாள்தனம். திரும்பத் திரும்பத் தொடக்கினேனே தவிர, ஏன் முடியவில்லை என்று அதனிடம் கேட்கவில்லை. கான்ஃபிக், அதாவது சர்வரின் அமைப்புக் கோப்புகளைச் சோதிக்கும் கட்டளையை இன்று ஓட்டினேன். ஒரே வரியில் பதில். டீஃபால்ட் சர்வர் இரண்டு இருக்கிறதாம். எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, எல்லாம் சொல்கிறது.

எந்தப் பக்கம் என்று பெயர் சொல்லாமல், சுவர்க் கட்டத்தைக் காட்டி வருகிறவர்களுக்கு எதைத் திறப்பது? அதற்கு ஒன்றைத்தான் குறிக்கலாம். நான் குறித்தது கடல் பக்கம். இப்போது, இதே கம்ப்யூட்டரில் இருக்கும் விசைப்படகுச் சங்கப் பக்கத்தின் கோப்பிலும் அதே சொல். நான் எழுதவில்லை. இரண்டு பேர் முதல் ஆள் என்றால் சர்வர் எழும்பாது, நம் ஊர் மாதிரி கத்திக்கொண்டே ஓடாது.

முந்தாநாள் வரை எப்படி ஓடியது? ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் பழைய அமைப்பையே வைத்துக்கொண்டு ஓடும். மறுபடி தொடங்கும்போதுதான் கோப்பைப் படிக்கும். ஆக பிழை முன்பே உள்ளே இருந்தது. கரண்டு போனதும் வெளியே வந்தது.

அந்தச் சொல்லை எடுத்தேன். சோதனை. மறுபடி பிழை! வரிக் கடைசியில் அரைப்புள்ளியையும் சேர்த்து அழித்திருக்கிறேன். நான். கான்வென்டில் சிஸ்டர் இதற்கு முட்டி போட வைத்திருப்பார்கள்.

போட்டேன். எழும்பிவிட்டது. கடல் பக்கம் வந்தது. தனியாக உட்கார்ந்து கை தட்டினேன்.

பாஸ்வேர்டு தெரிந்தது இரண்டு பேருக்கு. நான். செல்வின்.

மே 14, வியாழன்

இரவு தூறல். காலையில் துணி காயவில்லை.

செல்வின் என் வீட்டுக்காரரின் அக்கா மகன், விசைப்படகுச் சங்கச் செயலாளர். சங்கத்துப் படங்களை ஏற்ற வேண்டுமென்று பாஸ்வேர்டு வாங்கியவன். வரச் சொன்னேன். பைக்கில் இருந்து இறங்காமலே பேசினான். இறங்கச் சொன்னேன்.

"ஒரு வார்த்தைதான் சேத்தேன் மாமி. ஒண்ணும் மாறல்ல. சரி, அது ஏத்துக்கிடல்லன்னு விட்டுட்டேன்."

"எதற்குச் சேர்த்தாய்?"

"இந்த வருசம் எங்க முறையாக்கும். கொடிக்கயிறு எங்க கையில. அப்போ மொதல் பக்கமும் எங்களுக்கதுதானே?"

திருவிழாக் கொடியேற்றத்தில் கயிற்றில் முதல் கை யாருடையது என்று விசைப்படகுக்கும் வள்ளத்துக்கும் அடிதடி வரைக்கும் போய், ஒரு வருஷம் இவர்கள், ஒரு வருஷம் அவர்கள் என்று முறை வைத்தது. அதை என் கம்ப்யூட்டர் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறான்!

"கயிற்றைப் பார்த்துவிட்டா கடலுக்குப் போகிறார்கள்?"

"கோவப்படாதிங்கோ. கோர்ட்டில கூண்டுல நிக்க வச்சது மாதிரி கேக்குதிய."

"நான் வயரைப் பிடுங்கினேன் என்று சொன்னது நீதானே?"

மழைக்கோட்டு பட்டனை நோண்டினான். ஞாயிற்றுக்கிழமை கோயில் கமிட்டியில் அவனே உண்மையைச் சொல்ல வேண்டும் என்றேன். தலையாட்டினான். பலகாரம் வைத்தேன். தின்றான், அதில் குறையில்லை.

பாஸ்வேர்டு மாற்றியாயிற்று.

மே 16, சனி

காற்றில்லை, மழையில்லை, வானம் வெளுப்பு. கள்ளக்கடல் எச்சரிக்கை. இப்படிப்பட்ட நாளில்தான் அது வரும். தூரத்தில் எங்கோ எழும்பிய அலை, சொல்லாமல் கொள்ளாமல் கரையேறும்.

பக்கத்தில் சிவப்பில் போட்டேன். தேதி, நேரம், வள்ளங்களை மேலே ஏற்றி வைக்கவும். போட்டுவிட்டு என் போனில் திறந்து பார்த்தேன். பிறகு ஜெயசீலி போனில். பிறகு மறுபடி என் போனில்.

பிற்பகலில் கடல் சாலை வரை வந்துவிட்டது. போய்ப் பார்த்தேன், செருப்பு நனைந்தது. வள்ளங்கள் எல்லாம் மேலே.

"பாத்துட்டுத்தான் எக்கா ஏத்துனாவ. எனக்க மாப்பிள்ளதான் மொதல்ல பாத்தது."

சாளை கொடுத்தாள். வாங்கினேன்.

மே 17, ஞாயிறு

நல்ல வெயில். இரண்டாம் பூசைக்குப் பிறகு கமிட்டி. நீலச் சேலை.

செல்வின் எழுந்து, "கான்ஃபிக்ல சின்ன பிழை வந்துச்சு, சரியாச்சு" என்றான். பிழை தானாக நடந்து வந்தது போல. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நான் விளக்க எழுந்தேன். வள்ளச் சங்கத்தார், "எங்க முறை வரும்போ எங்க பக்கமும் மொதல்ல வரணும்" என்று தொடங்கிவிட்டார்கள். அவ்வளவுதான். இரண்டு பக்கமும் கூச்சல்.

ஃபாதருக்குச் சமாதானம் வேண்டும். "அம்மா, சின்ன விஷயம். முதல் பக்கம் இந்த வருஷம் இவங்க, அடுத்த வருஷம் அவங்க. கடல் பக்கம் உள்ளே இருக்கட்டும். ஒரு தட்டு தட்டினா வந்துடுமே." கை தட்டினார்கள். மாற்ற முடியாது என்றால் கம்ப்யூட்டரைப் பங்குக் கோயில் அலுவலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று யாரோ பின்னாலிருந்து.

ஒரு தட்டு. வாசிக்கத் தெரியாதவர்கள் எதைத் தட்டுவார்கள்? நேற்று அந்தக் கட்டத்தை போனில் காட்டியவனுக்குச் சிவப்பு வந்தது. இனிமேல் மாலையும் சால்வையுமாகச் செயலாளர் படம் வரும்.

மதியம் சாப்பிடவில்லை. வீட்டுக்குள்ளேயே நடை. கீழே இருப்பது நாளைக்குக் கொடுத்து அனுப்ப வேண்டியது:

ஃபாதருக்கும் கமிட்டிக்கும். கடல் பக்கத்தை உள்ளே தள்ளச் சொல்கிறீர்கள். செய்யத் தெரியும், ஒரு சொல்லை இடம் மாற்றினால் போதும். வாய்ச்சொல்லுக்கு மாற்ற மாட்டேன். எச்சரிக்கை வரும் நாளில் ஒருவன் அதைப் பார்க்காமல் வள்ளத்தைக் கீழே விட்டிருந்தால், யார் மாற்றச் சொன்னது என்று அவன் வீட்டார் கேட்பார்கள். அதற்காக உங்கள் முடிவும், அதன் கீழ் ஃபாதர் கையெழுத்தும் இரண்டு செயலாளர்கள் கையெழுத்தும் வேண்டும். அதுவரை கடல் பக்கமே முதலில் இருக்கும், கம்ப்யூட்டரும் என் முன்னறையில் இருக்கும். தயவுசெய்து எழுத்தில் பதில் தரவும்.