ஏறிய எடை

12.8.1981, இரவு மணி 9.40. தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் இன்று எடை பார்த்த பிள்ளைகள் 17.

வாந்திக்கு நான் மருந்து கொடுத்துவந்த மூன்று வயதுக் குமரன் பத்து நாளில் ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தான். கார்டில் ‘நன்று’ என்று எழுதினேன். மத்தியானம் அவன் தூங்கும்போது காலை அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. ஏறியது சதையல்ல, நீர். மூத்திரத்தில் புரதம் இல்லை, அதனால் கிட்னி கோளாறும் இல்லை. டவுன் டாக்டர் டெலிபோனில், “வயித்து வழியா புரதம் கசியுது போல, அதான் உடம்புல நீர் தேங்குது. அபூர்வம்தான். நாளைக்கே அனுப்புங்க” என்றார்.

பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த அவன் அம்மா கார்டை எல்லாருக்கும் காட்டினாள். “டிரஸ்ஸர் ஐயா, மருந்து புடிச்சிருச்சுலா. கன்னத்தப் பாருங்க.”

தலையாட்டிவிட்டேன். இந்த மலையில் இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு ஆளில்லை.

1. விடிந்ததும் லோரியில் குமரனை ஏற்றுவது.
2. ‘நன்று’ என்பதை அடிப்பது.
3. அவள் பார்க்க அடிப்பது.