மாத்திரைக்கு முந்தைய ரத்தம்

நவம்பர் 11, திங்கள்

இன்றும் ஒரு குழாய் ரத்தம் வீண். வெயிலில் கெட்டுவிடுமே என்று எம்.ரெட்டியபட்டி ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் அனுசியா ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். நான் தேடும் வெள்ளையணுக்களுக்குக் குளிர்தான் ஆகாது. நல்லெண்ணத்தில் செய்தவளைத் திட்டலாமா? திட்டினேன்.

"ஐஸுல வச்சா எதுவும் கெடாதுன்னுல்ல நெனச்சேன் மேடம்."

உண்ணிக்காய்ச்சல் கிருமி உள்ளே நுழைந்ததும் முதலில் ஓடிவர வேண்டிய வெள்ளையணுக்கள் ஏன் தடுமாறுகின்றன? பதினோரு வருஷமாக இதே கேள்வி. மாத்திரை தொடங்குமுன் எடுத்த ரத்தம் முப்பது பேருடையது வேண்டும். இருபத்திரண்டு இருக்கிறது. மார்ச் 31-க்குள் முப்பது சேராவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள்.

நவம்பர் 21, வியாழன்

பொருக்கு பார்க்க அனுசியாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். உண்ணி கடித்த இடம் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்திருக்கும். வலிக்காது, ஆளுக்கே தெரியாது. அரைமணியில் சீனிச்சாமி என்பவரின் அருணாக்கயிற்றுக்குக் கீழே கண்டுபிடித்துவிட்டாள். எட்டு நாள் காய்ச்சல் அவருக்கு.

"இதப் பாக்காமத்தான் இம்புட்டு நாளும் ஊசியப் போட்டுப் போட்டு அனுப்புனோமா?"

இருபத்து மூன்று.

டிசம்பர் 5, வியாழன்

இருபத்தாறு! பஸ்ஸில் உட்கார இடமும் கிடைத்தது.

டிசம்பர் 23, திங்கள்

இரண்டு வாரமாக ஒன்றுகூட இல்லை. மழைக்குப் பருத்திக் காடெல்லாம் புல் மண்டிக் கிடக்கிறது, காய்ச்சல் இல்லாமலா இருக்கும்? அனுசியாவின் நோட்டைப் பார்த்தேன். ஏழு பேர். எல்லோரும் நான் வராத நாட்களில் வந்தவர்கள், வந்த அன்றே மாத்திரை.

"பொருக்கு இருந்தா ஒடனே குடுத்துருன்னு எங்க டாக்டர் சொல்லிட்டாரு மேடம்."

எழுதவே கூசுகிறது. நான் வரும்வரை பொறுக்கக் கூடாதா என்று கேட்டேன். எடுத்த ரத்தம் நாலு மணி நேரத்தில் மதுரை ஆய்வகத்துக்குப் போக வேண்டும். நான் வருவதோ திங்களும் வியாழனும்தான்.

"வெள்ளிக்கெழம காய்ச்சக்காரவுக வந்தா, திங்க வரைக்கும் கெடக்கணுமா? போன வருசம் மாயக்கா பத்து நாளு கெடந்து செத்துப்போச்சு மேடம். கைப்பிள்ளக்காரி. ஒருத்தரும் சீலைய வெலக்கிப் பாக்கல. நானுந்தான்."

ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

டிசம்பர் 24

தூக்கமில்லை. முன்பெல்லாம் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரி வருவார்கள். இன்று வா என்றாலும் வருவார்கள், நான் வரும் நாளில் வா என்றாலும் வருவார்கள். அது எனக்கு வசதியாக இருந்திருக்கிறது. இத்தனை நாளும் இது எனக்கு ஏன் உறைக்கவே இல்ல?

ஜனவரி 9

இருபத்தாறு. வந்த ஓரிருவரும் நான் இல்லாத நாளில்தான்.

பிப்ரவரி 6, வியாழன்

துறைத் தலைவர் இன்பராஜ் சார் கூப்பிட்டார். "நாலு பேருக்காகவா விடப்போறீங்க ஹெப்சிபா? அந்த நர்ஸ்கிட்ட பேசிப் பாருங்க."

பேசமாட்டேன் என்றேன். ஏன் என்றார். களைப்பாக இருக்கிறது சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுவும் உண்மைதான். வந்து அழுதேன். பதினோரு வருசம்யா... என்னத்தச் செஞ்சு கிழிச்சுட்டேன்?

மார்ச் 31, திங்கள்

திட்டத்தை முடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. இருபத்தாறுக்குக் கீழே கோடு.

மாலையில் அனுசியா போன் செய்தாள். சீனிச்சாமி மகளுக்குக் காய்ச்சலாம், காதுக்குப் பின்னால் பொருக்காம்.

"மாத்திரை குடுத்துட்டேன் மேடம். ஒங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று பழக்கதோஷத்தில் கேட்டேன்.

"இன்னைக்குத்தான். ஆத்தாகாரியே பொருக்கப் பாத்துட்டுத் தூக்கியாந்துட்டா."

என் இருபத்தாறு பேரில் ஒருவர்கூட முதல் நாளில் வந்ததில்லை.