எந்த நாட்டிலும் இல்லாத தேன்பெட்டிகள்

ஸ்கோப்யே, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பாபா,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மா சுகமா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் காத்திருக்கும் நாடுகளின் வரைபடங்களை ஒன்றாக இணைக்கத்தானே இங்கே வந்தேன்? நேற்று நம் அல்பேனியாவையும் மாசிடோனியாவையும் கணினியில் ஒட்டிப் பார்த்தோம். நம் மலைச்சரிவில் மட்டும் முப்பது மீட்டர் இடைவெளி! உங்கள் தேன்பெட்டிகள் எந்த நாட்டிலும் இல்லை.

கூட வேலை செய்யும் மாசிடோனியன் பிளகோயா விழுந்து விழுந்து சிரித்தான். "எட்லேவா, உங்கப்பா தேனீயெல்லாம் அகதியா? எங்க பக்கம் தள்ளிக்கட்டுமா?"

"கை வச்சுப் பாரு, கொட்டும்."

பயப்படாதீர்கள். அந்தக் காலத்தில் இரு நாடுகளும் வேறு வேறு இடத்திலிருந்து அளக்கத் தொடங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் எல்லைக்கல் இருக்கும் இடம் தெரியாவிட்டால், இப்போதைக்கு நடுவில் கோடு போட்டுவிடுவார்கள். அது பெட்டிகளுக்குக் குறுக்கே போகும்.

அதனால் அம்மாவை அந்தக் கல்லைப் போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இடமும் அதிலேயே பதிவாகிவிடும். கொஞ்சம் மலைத் தேயிலையும் வேண்டும். இங்கே கிடைப்பதில் வாசனையே இல்லை.

கல்லின் உயரம் தெரிய நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், நிறுத்துகிறேன். தொப்பியைக் கழற்றிவிடுங்கள் பாபா, முகம் தெரியட்டும்.

எட்லேவா