ஆறு பேனா, ஒரு வார்த்தை

ஜூன் 9, ஞாயிறு

இன்றும் ஒன்று போயிற்று. நம்பர் 41. ஈறு நிறப் பேனா.

பிப்ரவரியிலிருந்து மாதம் ஒன்று. இதோடு ஐந்து. மைப் பேனா சங்கத்தின் கண்காட்சி மாதம் ஒருமுறைதான் நடக்கிறது, நூலகத்து மாடியில். காலை பத்திலிருந்து நான்கு வரை. அந்த ஆறு மணி நேரத்துக்காகத்தான் மிச்ச இருபத்தொன்பது நாளும் பல் செட் செய்கிற லேபில் அடுத்தவர் பல்லை ராவிக்கொண்டிருக்கிறேன். அதிலும் ஒருத்தன் கை வைத்தால் எப்படி?

41 நானே செய்தது. பல் செட்டுக்குக் குழைக்கிற பிசினில் உடல், மூடி எல்லாம். கடைந்து, மெருகேற்றி, நிப்பை ராவிச் சரி செய்ய மூன்று வாரம் ஆனது. தங்கை அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, பேனா சிரிக்குது" என்றாள். உலகத்திலேயே அப்படி ஒன்றுதான் இருக்கிறது. விற்க வைக்கவில்லை, காட்டத்தான் வைத்தேன்.

செயலாளரிடம் சொன்னேன். "கூட்டத்துல நாமதான் மேடம் கவனமா இருக்கணும்" என்றார். ஆகா. இது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்.

ஜூன் 10, திங்கள்

யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. நல்ல வேளை, லேபுக்குப் பற்கள் மட்டும்தான் வரும்.

ஜூன் 15, சனி

தங்கை கேட்டாள்: "உன் டேபிள் முன்னாடி நின்னவங்க யாருன்னு ஞாபகம் இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு முகம்கூட வரவில்லை. எந்தெந்த நிப்பை எழுதிப் பார்த்தார்கள், எதை அழுத்தி எழுதினார்கள், அதெல்லாம் வருகிறது. முகம் வரவில்லை. பேனாவைக் கொடுத்துவிட்டு நான் அதன் முனையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன் போல.

"உனக்கு மனுஷங்க வேண்டாம்க்கா. பல்லும் நிப்பும் போதும்" என்றாள். கோபம் வந்தது. உண்மைதானே, அதனால்தான் வந்தது.

ஜூலை 14, ஞாயிறு

ஆறாவது. நம்பர் 47. கரும்பச்சை, நடுத்தர நிப், வெண்ணெய் மாதிரி எழுதும்.

அது மட்டுமில்லை. பக்கத்து டேபிள் மைக்கடைக்காரருக்கும் ஒன்று போய்விட்டது, அவரிடமிருந்ததிலேயே நல்ல பேனா. அவர் என் பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு போய்ச் செயலாளரின் காதைக் கடித்தார்.

மூன்றரை மணிக்குச் செயலாளர் வந்தார். கூடவே ஓவிய சார். பள்ளியில் ஓவியம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர், சங்கத்தின் துணைத் தலைவர். யாருக்காவது தலைவலி என்றால் மாத்திரை, குழந்தைகள் வந்தால் பிஸ்கட் என்று ஜோல்னாப்பையில் எல்லாம் வைத்திருப்பவர். அவர்தான் பேசினார், மிக மெதுவாக.

"தப்பா எடுத்துக்காதம்மா. காணாமப் போறது எல்லாம் உன் பக்கமாத்தான் இருக்கு. அடுத்த மாசம் கமிட்டி பேசி முடிவெடுக்கும். அதுவரைக்கும் ஓரமா உக்காரேன்."

ஓரம் என்றால் கழிப்பறைக் கதவுக்குப் பக்கம்.

ஜூலை 15, திங்கள்

என்னைத் திருடி என்கிறார்கள். என்னை! ஆறு பேனா போனது எனக்கு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். நானே என் பேனாவைத் திருடி நானே புகார் கொடுத்து — எதுக்குடா நான் அதப் பண்ணணும்? சந்தேகம் வராம இருக்கத்தானாம். மைக்கடைக்காரர் அப்படிச் சொன்னதா ஒருத்தர் போன் பண்ணிச் சொல்றார். அதுல ஒரு சந்தோஷம் அவருக்கு.

தங்கை, "விட்டுத் தொலைக்கா, போகாத இனிமே" என்கிறாள்.

போகாவிட்டால்? "பார்த்தியா, குட்டு வெளிப்பட்டதும் ஓடிட்டா" என்பார்கள். போவேன். கழிப்பறைப் பக்கம் உட்காரச் சொன்னாலும் உட்காருவேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன்.

ஜூலை 20, சனி

இன்றே எழுதிவிட வேண்டும்.

47-ன் வேலைக் குறிப்பைத் தேடும்போது எழுதிப் பார்க்கிற நோட்டுகள் கைக்கு வந்தன. என் டேபிளில் யார் பேனாவை எடுத்தாலும் இந்த நோட்டில் எழுதிப் பார்ப்பார்கள். மாதத்துக்கு ஒரு நோட்டு. மற்ற டேபிள்களில் ஏதோ ஒரு காகிதம் கிடக்கும், சாயங்காலம் கசக்கிப் போட்டுவிடுவார்கள். எனக்கு லேப் பழக்கம். நம்பர் போடாத அச்சு இருந்தால் ஒருத்தர் பல் இன்னொருத்தர் வாய்க்குப் போய்விடும். அதனால் பேனாவைக் கையில் கொடுக்கும்போதே ஓரத்தில் அதன் நம்பரைப் போட்டுவிடுவேன். எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. கை போடும், அவ்வளவுதான்.

புரட்டினேன். 47-க்கு நேராக மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். ஒரு கையெழுத்து. ஒரு "வணக்கம்". கடைசியாக "எஃகு".

ஜூன் நோட்டு. 41-க்கு நேராகக் கடைசியில் "எஃகு".

மே, ஏப்ரல், மார்ச், பிப்ரவரி. காணாமல் போன ஆறு பேனாவும் கடைசியாக எழுதிய வார்த்தை ஒன்றே. ஒரே கை. 'கு'வின் வாலை இழுத்து வார்த்தை முழுவதற்கும் அடிக்கோடு மாதிரி விட்டிருக்கிறது.

வேறு இடத்திலும் அந்த வார்த்தை இருக்கிறது. 33-க்கு நேராக, 38-க்கு நேராக. அந்தப் பேனாக்கள் என்னிடமே பத்திரமாக இருக்கின்றன. எடுத்து எழுதிப் பார்த்தேன். 33 கீறுகிறது. 38-ல் முதல் புள்ளி விழவில்லை.

ஆக, எழுதிப் பார்த்துவிட்டு, நன்றாக எழுதினால் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறான்!

என்ன வார்த்தை பிடித்திருக்கிறான் பார். 'எ'வில் வளைவு தெரிந்துவிடும். ஃ மூன்று புள்ளி, வைத்தவுடன் மை இறங்குகிறதா என்று அதில் தெரியும். 'கு'வின் வாலில் நீள இழுப்பு. ஒரே வார்த்தையில் நிப்பின் ஜாதகமே வந்துவிடும். இத்தனை வருடமாக நான் "அம்மா அம்மா" என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பேனா தெரிந்த ஆள். சங்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூலை 21, ஞாயிறு

செயலாளரிடம் சொல்லலாமா? அந்தத் திருடனே அவராக இருந்தால்? மைக்கடைக்காரர்? தன் பேனா போனதாக அவரும் நாடகம் போடலாமே. என்மேல் அவருக்கு வந்த சந்தேகம் அவர்மேல் எனக்கு வரக்கூடாதா? ஓவிய சார் ஒருத்தரிடம்தான் நம்பிச் சொல்லலாம் என்று தோன்றியது. போன் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஆகஸ்ட் 3, சனி

புதுப் பேனா முடிந்தது. நம்பர் 52. மறுபடியும் ஈறு நிறம், வேண்டுமென்றே. நிப்பை நான்கு நாள் ராவினேன். இதைவிட நன்றாக எனக்கு வராது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நடந்ததை நடந்த மாதிரியே எழுதுகிறேன்.

நான்கு மணிக்குக் கமிட்டி. ஐந்து பேர்: செயலாளர், மைக்கடைக்காரர், கண் டாக்டர், தையல்கடைக்காரர், ஓவிய சார். நான் எதிரில். செயலாளர் தட்டச்சு செய்த தாளை ஏற்கெனவே வைத்திருந்தார். "அவருக்கு இனி டேபிள் ஒதுக்குவதில்லை." விசாரிக்கும் முன்பே தீர்ப்பு தயார்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு உதவி பண்ணுங்க. இது நான் கடைசியா செஞ்ச பேனா. இங்க கடைசியாவும் இருக்கலாம். எல்லாரும் ஒரு தடவை எழுதிப் பாத்துச் சொல்லுங்க" என்று 52-ஐயும் ஒரு புது நோட்டையும் நீட்டினேன்.

பேனாக்காரன் கையில் பேனாவைக் கொடுத்தால் எழுதிப் பார்க்காமல் இருக்கமாட்டான். தூக்குத்தண்டனை எழுதப் போகிறவனாக இருந்தாலும் சரி.

செயலாளர் தன் கையெழுத்தையே போட்டார். மைக்கடைக்காரர் எட்டு எட்டாக வரிசையாகச் சுழித்தார். கண் டாக்டர் "வணக்கம்". தையல்கடைக்காரர் அலை அலையாகக் கோடு. இந்த முறை நான் நிப்பைப் பார்க்கவில்லை. முகங்களைப் பார்த்தேன்.

ஓவிய சார் பேனாவை வெளிச்சத்தில் திருப்பினார். முனையைக் கண்ணருகே கொண்டுபோனார். முகமே மாறிவிட்டது, பசித்தவன் சோற்றைப் பார்த்த மாதிரி. பிறகு நிதானமாக எழுதினார்.

எஃகு.

வால் நீளமாக வந்தது.

"நல்லா எழுதுதும்மா" என்றார். மனதாரச் சொன்னார்.

இவரா? இவரிடமா சொல்ல இருந்தேன்? ஆறு நோட்டையும் எடுத்து, அடையாளம் வைத்த பக்கங்களைத் திறந்து, வரிசையாக மேசைமேல் வைத்தேன். நம்பரைச் சொன்னேன். எது எந்த மாதம் போனது என்று சொன்னேன்.

மைக்கடைக்காரர்தான் முதலில் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு நோட்டாக. பிறகு புது நோட்டை.

"இப்படி நூறு பேர் எழுதுவாங்க" என்றார் சார். குரல் கொஞ்சமும் மாறவில்லை. "நான்தான் எத்தனையோ பேருக்கு இந்த வார்த்தையச் சொல்லிக் குடுத்திருக்கேன். இத வச்சு ஒருத்தரைத் திருடன்னு சொல்லுவியாம்மா நீ?"

சொல்லிக்கொண்டே பேனாவின் மூடியைத் திருகினார். திருகி, சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

அவருக்குத் தெரியவே இல்லை. இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார், சங்கம், கண்ணியம், முப்பது வருடம் என்று. தையல்கடைக்காரர் அவருடைய சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லிய வெள்ளைத் துணி. உள்ளே ஈறு நிறம் நன்றாகத் தெரிந்தது.

"சார்" என்றேன். "நம்பர் ஐம்பத்திரண்டு."

கீழே பார்த்தார். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். இன்று கண்ணால் பார்த்தேன்.

எடுத்து மேசைமேல் வைத்தார். ஜோல்னாப்பையை மாட்டிக்கொண்டார். எழுந்து போய்விட்டார். படியில் அவர் செருப்புச் சத்தம் கடைசிப் படி வரைக்கும் கேட்டது.

ஆகஸ்ட் 12, திங்கள்

நன்றாகத் தூங்கினேன். ஆறு மாதத்தில் முதல் முறை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

செயலாளர் வீட்டுக்கு வந்தார். ஓவிய சார் "உடல்நிலை காரணமாக" விலகிவிட்டாராம். விஷயத்தை இத்தோடு விட்டுவிடலாமாம். என் பழைய இடத்தையே தருகிறார்களாம், வேண்டுமானால் மேடைக்குப் பக்கத்தில்கூட.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும்தானே ஓரமா உக்கார வச்சீங்க? தப்புன்னும் எல்லாருக்கும் தெரியணும். எழுதிக் குடுங்க, நோட்டீஸ் போர்டுல ஒட்டணும்" என்றேன்.

எழுதினார். பால்பாயின்ட்டில்! திருப்பிக் கொடுத்துவிட்டேன். மைப் பேனா சங்கத்துச் செயலாளர், மன்னிப்பாவது மையில் இருக்க வேண்டாமா? 52-ஐக் கொடுத்தேன். தங்கை சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடிவிட்டாள்.

ஆகஸ்ட் 29, வியாழன்

லேபுக்கு ஒரு பெண் வந்தாள். ஓவிய சாரின் மகளாம். கையில் செருப்புப் பெட்டி.

"அப்பா குடுத்துவிடலைங்க. நானாத்தான் எடுத்துட்டு வந்தேன். உங்களோடது எது எதுன்னு பாத்து எடுத்துக்கங்க. மத்ததெல்லாம் யாரோடதுன்னு எனக்குத் தெரியல."

முப்பதுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றும் கழுவித் துடைத்து, மை நிரப்பி, துணியில் சுற்றியிருந்தது. என் ஆறும் இருந்தன. 41-ன் உடலில் விரல் படுகிற இடம் மட்டும் மெருகு தேய்ந்திருக்கிறது. இரண்டே மாதத்தில். என்னென்ன எழுதினாரோ.

"அப்பா சாப்பிடறதே இல்லைங்க" என்றாள் போகும்போது.

பாவம் என்று எழுத வருகிறது. எழுதமாட்டேன். என்னைக் கழிப்பறைப் பக்கம் உட்கார வைத்தபோது அவர் பையில் 47 இருந்தது. அந்தப் பையோடுதான் "தப்பா எடுத்துக்காதம்மா" என்றார். நான் தப்பாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

மற்ற பேனாக்களை மைக்கடைக்காரரிடம் கொடுத்தேன். உரியவர்களிடம் சேர்ப்பது அவர் பொறுப்பு. என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். தேடிப் பார்த்துத் தன் பேனாவை எடுத்தவர், "மேடம், இது இவ்வளவு நல்லா எழுதினதே இல்ல" என்றார். சார் அதன் நிப்பைச் சரி செய்து வைத்திருக்கிறார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மேடைப் பக்கம் வேண்டாம் என்று பழைய இடத்திலேயே உட்கார்ந்தேன். நோட்டீஸ் போர்டில் மன்னிப்புக் கடிதம் கோணலாக ஒட்டியிருந்தது. நேராக்கி ஒட்டினேன்.

ஒரு நர்ஸ் வந்தார். நெற்றியில் சின்னத் தழும்பு, ஒரு காதில் மட்டும் தோடு. இப்போதெல்லாம் முகத்தையும் பார்க்கிறேன். அவர் அப்பாவின் பேனாவாம், கீறுகிறதாம். ஐந்து நிமிடம் ராவிக் கொடுத்தேன்.

"சரியாயிடுச்சா?" என்று கேட்டார்.

எழுதிப் பார்த்தேன். வளைவு சரி. புள்ளி மூன்றும் வைத்தவுடன் விழுந்தன. இழுப்பும் சரி. அதற்கப்புறம்தான் என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்தேன்.

எஃகு.

அடித்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். எதற்கு? என்னிடமிருந்து அவர் எடுத்தது ஆறு பேனா. அவரிடமிருந்து எனக்கு வந்தது ஒரே ஒரு வார்த்தை. பேனாவெல்லாம் திரும்பி வந்துவிட்டது. இதை நான் திருப்பிக் கொடுப்பதாக இல்லை.